சார்ட்டுக்குச் சிவப்பு, ஸ்பிரிண்டுக்கு வெள்ளை

இரண்டு பொட்டலங்களும் பிள்ளையார் காலடியில் கிடந்தன. நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஆபீசுக்குக் கீழேயே கோயில். கம்பெனி மொத்தமும் ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சன்னதியில் நின்றது. ஒன்பது நாள் சண்டைக்கு இன்று தீர்ப்பு.

ஒரு ஆஸ்பத்திரிக்கு ஆறு மாதத்தில் சாஃப்ட்வேர் செய்து தர வேண்டும். அந்த ஆறு மாதத்தை எப்படித் திட்டமிடுவது என்பதுதான் சண்டை.

நான் சார்ட் கட்சி. முழு வேலையையும் இன்றே தேதிவாரியாகக் கட்டம் போட்டுப் பிரித்துவிடலாம். பாதியைப் புதுக்கோட்டையில் நாங்கள் மூன்று பேர் செய்வோம். மீதியை அறந்தாங்கி ஆபீசில் கோபிநாத்தும் இன்னும் இருவரும் செய்வார்கள். கடைசி மாதம் ஒன்றுசேர்த்தால் போதும்.

கோபிநாத் ஸ்பிரிண்ட் கட்சி. இரண்டு வாரத்துக்கு மட்டும் திட்டம் போடு, முடி, அடுத்ததைப் பிறகு பார். அதற்கு எல்லோரும் ஒரே ஆபீசில் இருக்க வேண்டுமாம். தினமும் காலை ஒன்பதரைக்குப் பதினைந்து நிமிடம் நின்றுகொண்டே பேச வேண்டுமாம்.

இதைச் சொல்வதற்கென்றே ஒன்பது நாளும் அறந்தாங்கியிலிருந்து பஸ் ஏறி வந்தார். பந்தியில் இடம் பிடிக்கவா நிற்கச் சொல்கிறீர்கள் என்று கேட்டு நானும் விடாமல் மறுத்தேன். அதற்கும் சிரித்தார். சிரித்தால் இடது கன்னத்தில் மட்டும் குழி விழும். ப்ராஜெக்டுக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

முதலாளி சிவசாமி சாருக்கு அலுத்துவிட்டது. அவர் வீட்டில் சம்பந்தம் பேசுவதிலிருந்து போர்வெல் போடுவது வரை எல்லாமே பூக்கட்டிப் பார்த்துத்தான். பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரிக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், இதையும் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றார். சார்ட்டுக்குச் சிவப்பு ரோஜா, ஸ்பிரிண்டுக்கு வெள்ளை மல்லிகை. கையில் வரும் பொட்டலத்தில் எந்தப் பூவோ அதுதான் திட்டம்.

பொட்டலத்தை யார் கட்டுவது என்று அடுத்த சண்டை தொடங்கப் பார்த்தது.

“வனிதாவே கட்டட்டும் சார். சார்ட் ஜெயிக்கணும்னு ஏமாத்துற ஆளு இல்ல அவங்க” என்றார் கோபிநாத்.

தூணுக்கு அந்தப் பக்கம் போய்க் கட்டிக்கொண்டு வந்தேன்.

சாமி கும்பிட வந்த ஒரு பாப்பா குனிந்து ஒன்றை எடுத்தாள். குருக்கள் பிரித்தார்.

மல்லிகை.

ஸ்பிரிண்ட் கட்சிக்குத் தலைகால் புரியவில்லை. குருக்களுக்கே கைகொடுத்தார்கள். தோற்றவள் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நான் தரையைப் பார்த்தேன்.

எல்லோரும் மாடிக்குப் போனார்கள். மீதிப் பொட்டலத்தை அவசரமாக எடுத்து நிமிர்ந்தால், எதிரே கோபிநாத் கை நீட்டிக்கொண்டு நிற்கிறார். ரோஜாவையும் சாமிக்கே வைத்துவிடலாமாம்.

கொடுக்காமல் இருக்க ஒரு காரணம் தோன்றவில்லை. ஒன்பது நாளாக ஊர்ப்பட்ட காரணம் சொன்ன வாய்.

அவர் பிரித்தார்.

அதிலும் மல்லிகைதான் இருந்தது. ரோஜா என் கைப்பைக்குள் நசுங்கிக் கிடந்தது.

பிள்ளையாரைப் பார்த்தேன். அவர் என்னைக் காப்பாற்றுவதாக இல்லை.

கோபிநாத் பொட்டலத்தைப் பழையபடி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இடது கன்னத்தில் குழி விழுந்தது.

“தினமும் பதினஞ்சு நிமிஷம் பத்துமாங்க?”