மூச்சு வாங்கும் மெஷின்

மெஷின் மூச்சு வாங்கியது.

'ம்ம்ம்ம்ம்' என்று சீராக ஓடிக்கொண்டே வந்து, நடுவில் சட்டென்று ஒரு நிறுத்தம். சின்னதாக ஓர் இழுப்பு. மறுபடி 'ம்ம்ம்ம்ம்'.

எந்த மெஷினாவது மூச்சு வாங்குமா? தலைமையாசிரியர் குரலில் ஒரு வகுப்பையே வீட்டுக்கு அனுப்பியவள் நான். எது மெஷின், எது தொண்டை என்று எனக்கா தெரியாது?

ஆஸ்பத்திரி அறையின் திரையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தேன்.

அண்ணன் கண்ணை மூடிக் காந்தப் பாயில் படுத்திருந்தான். தலைமாட்டில் மெஷின். அதன் பிளக் தரையில் கிடந்தது. மெஷினுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, உதட்டை இறுக மூடி முனகிக்கொண்டிருந்தார் ஆபரேட்டர்.

அடப்பாவி மனுஷா.

அண்ணனுக்கு வலிப்பு உண்டு. பேக்கரியில் ரொட்டி சுடுகிறவன். அடுப்புக்குப் பக்கத்திலேயே ஒரு தடவை விழுந்துவிட்டான். அன்றைக்கே முதலாளி அவனை பாக்கெட் ஒட்டும் மேசைக்கு மாற்றிவிட்டார். "மூணு மாசம் வலிப்பு வராம இருந்து காட்டு. அப்புறம் அடுப்புப் பக்கம் வா."

இவனோ மாத்திரையை ஒழுங்காகப் போடமாட்டான். கேட்டால், "தூக்கமா வருதுடி மைனா" என்பான். மைனா, வீட்டில் எனக்கு வைத்த பேர். போட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்வான். சோபாவுக்கு அடியில் கூட்டினால் நாலு மாத்திரை உருண்டு வரும்.

டாக்டரம்மாதான் இந்த அறைக்கு அனுப்பினார். "மாத்திரைதான் மெயின். மின்காந்த சிகிச்சை அதுக்கு ஒரு துணை, அவ்வளவுதான். எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல முடியாது. பார்ப்போம்."

வாரத்துக்கு மூன்று நாள். ஆபரேட்டர் முதல் நாளே சட்டம் போட்டுவிட்டார். "காலி மாத்திரை அட்டையைக் காட்டு, அப்புறம் பாயில படு. மாத்திரை போடாத உடம்புக்கு என் மெஷின் ஓடாது."

அன்றிலிருந்து சோபாவுக்கு அடியில் எதுவும் உருளவில்லை. வலிப்பு வந்தும் இரண்டரை மாதம் ஆகிவிட்டது. அம்மா அந்த மெஷினைக் கும்பிடாத குறைதான்.

அப்பேர்ப்பட்ட மெஷினா இது?

நேரம் முடிந்து அண்ணன் எழுந்தான். ஆபரேட்டரின் கையைப் பிடித்துக்கொண்டான். "ரொம்ப நன்றி சார்."

"எனக்கு எதுக்குப்பா, மெஷினுக்குச் சொல்லு."

"சொல்லிட்டேன் சார்."

ஐயோ பாவம், என் அண்ணன். இந்த ஆளைச் சும்மா விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அவன் மருந்து வாங்கும் வரிசைக்குப் போனதும், தாழ்வாரத்தில் இருந்த இன்டர்காமை எடுத்தேன். மூக்கை லேசாக அடைத்து, ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, டாக்டரம்மா ஆனேன்.

"என்னப்பா... அந்தக் காந்த மெஷின்... ஓடுதா?"

ஆபரேட்டர் மெதுவாக, "மேடம்... அது நின்னு மூணு வாரமாச்சு. ரிப்பேருக்கு எழுதிப் போட்டேன், ஆள் வரல. மத்தவங்களை எல்லாம் சரியானதும் வாங்கன்னு அனுப்பிட்டேன்."

"அப்போ... அந்த பேக்கரிப் பையன்?"

"அவனையும் அனுப்பத்தான் நெனச்சேன். காலி அட்டையை ரெண்டு கையாலயும் நீட்டிக்கிட்டு நின்னான் மேடம், மார்க் ஷீட் காட்டற மாதிரி. மெஷின் நின்னுடுச்சுன்னு தெரிஞ்சா மாத்திரையையும் நிறுத்திடுவானோன்னு பயந்துட்டேன். அதான் நானே..." இருமினார். "தப்புதான். என் மேல எழுதிக்குங்க. ஆனா அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. மூணு மாசம் முடிய இன்னும் ரெண்டே வாரம்."

அவரை வறுத்தெடுக்க நாலு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். நாலையும் விழுங்கிக்கொண்டேன்.

"தொடர்ந்து... பண்ணுங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். டாக்டரம்மா குரல் கடைசியில் கொஞ்சம் உடைந்துவிட்டது.

அடுத்த முறை போனபோது ஆபரேட்டருக்குத் தொண்டை கட்டியிருந்தது. அட்டையைச் சரிபார்த்து, சைகையாலேயே அண்ணனைப் படுக்கச் சொன்னார். திரைக்குப் பின்னால் 'ம்ம்' என்று தொடங்கிய மெஷின், 'கர்ர்' என்று நின்றது.

உள்ளே நழுவினேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிவிட்டது. காதருகே குனிந்து, மூக்கை அடைத்து, மெல்லச் சொன்னேன்.

"தொடர்ந்து... பண்ணுங்கன்னு... சொன்னேன்ல?"

மனுஷர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். சிரிப்பை அடக்கியதில் தோள் குலுங்கியது. பிறகு எழுந்து ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

இருபது நிமிஷம். சீராக, அடிவயிற்றிலிருந்து. மூச்சைக்கூடத் திருடித் திருடித்தான் வாங்கினேன். என் வாழ்க்கையில் யாரையும் கிண்டல் செய்யாமல் நான் போட்ட முதல் குரல் அதுதான்.

வீட்டுக்கு வரும் வழியில் அண்ணன் சொன்னான். "இன்னிக்கு மெஷின் நல்லாப் பாடிச்சுடி மைனா. அவரைவிட உனக்கு சுருதி சுத்தம்."

நடை நின்றுவிட்டது எனக்கு. "உனக்கு... எப்போலேர்ந்து தெரியும்?"

"அவர் முனக ஆரம்பிச்ச முதல் நாளே. நடுவுல மெஷின் தும்முச்சு."

"தெரிஞ்சுமா ஒழுங்கா மாத்திரை போட்டே?"

சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து, அந்த நேரத்து மாத்திரைகளைப் பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான்.

"எனக்காக ஒரு மனுஷன் இருபது நிமிஷம் தொண்டை வத்த முனகறாரு. ரெண்டு மாத்திரை முழுங்கறதுக்கு எனக்கு என்னடி கேடு?"