செவலையின் கன்று

மெஹ்ரீன் வில்லியனூரில் தன் வீட்டிலிருந்தே ஒரு பால் நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதுகிறாள். அதில் ஒவ்வொரு கன்றும் அதன் தாய்ப்பசுவோடு இணைக்கப்பட்டிருக்கும். கரையாம்புத்தூர் அஞ்சலாட்சியின் செவலைப் பசு கன்று போட்ட அன்றே செத்துப்போனதால், மெஹ்ரீன் அந்த இணைப்பை நீக்கினாள். மறுநாள் காலையில் கன்று மறுபடியும் செவலையோடு இணைந்திருந்தது. எத்தனை முறை நீக்கினாலும் விடிந்தால் திரும்ப வந்துவிடும். நிரலை வரிவரியாகப் பார்த்தும் பிழை அகப்படவில்லை. கடைசியில் இணைப்பை அறுத்து, திரும்ப ஒட்டாதபடி பூட்டுப் போட்டாள். ஒருவேளை பசு உயிரோடுதான் இருக்கிறதோ என்ற சந்தேகத்தில் அடுத்த நாள் நேரிலேயே போனாள்.

கொட்டகையில் கன்று மட்டும் துவண்டு கிடந்தது.

"செவலை நெசமாவே செத்துடுச்சாக்கா?"

"பொதைச்சதே நாந்தாம்மா," என்றாள் அஞ்சலாட்சி. "புட்டிப்பால் வச்சா இது மோந்துகூடப் பாக்காது. ஆனா தெனமும் வயிறு ரொம்பி, துள்ளிக்கினுதான் இருந்துச்சி. நேத்து இன்னா ஆச்சோ தெரியல, அப்போலருந்து ஒரே கத்தல். பொழைக்குமான்னே தெரியல."

மெஹ்ரீன் பூட்டுப் போட்டதும் நேற்றுதான். அங்கேயே தரையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். பூட்டை எடுத்துவிட்டு, கன்றைத் தாயோடு சேர்த்தாள்.

கன்று தள்ளாடி எழுந்தது. வெறும் மூலைக்குப் போய்க் கழுத்தை நீட்டி ஒரு முட்டு முட்டியது. அதன் வால் ஆடத் தொடங்கியது. கடைவாயில் பால்நுரை வழிய வழிய, முதுகு மயிர் நாக்கால் நக்கிவிட்டதுபோல் ஈரமாகி, மெல்ல மெல்ல ஒரே பக்கமாகப் படிந்தது.