ஒருவர் வந்தால் ஒருவர்

கோவையில் குழந்தை பிறந்தால், அந்த வீட்டிலிருந்து ஒருவர் கிராமத்துக்குக் குடிபெயர வேண்டும் என்பது சட்டம். நிகிலனின் கையில் அவன் மகளைக் கொடுத்துவிட்டு நர்ஸ் கேட்டாள்.

“மூணு கிலோ இருக்குதுங்க. வீட்ல யாரு கெளம்பறீங்க?”

“நான் போறேன்” என்றார் எழுபது வயது மாமனார் வெள்ளியங்கிரி.

“வேலை செய்யற வயசுக்காரங்கதான் போகோணுங்க.”

நிகிலன் தலையசைத்தான். கட்டிலில் கிடந்த மனைவி மதிவதனி விட்டத்தைப் பார்த்தபடி, “அங்கயும் ஆஸ்பத்திரி, காலேஜ் எல்லாம் வந்துருச்சாமா” என்றாள்.

“திரும்பி எப்பங்க வரலாம்?” என்று அவன் நர்ஸிடம் கேட்டான்.

“வீட்ல ஒரு ஆள் கொறஞ்சா வரலாங்க.”

அவள் அடுத்த கட்டிலுக்குப் போனாள். குழந்தை கொட்டாவி விட்டது. வெள்ளியங்கிரி மருமகனிடமிருந்து பேத்தியை வாங்கி, துணியைச் சரிசெய்தார்.

“கொஞ்ச நாளு பொறுத்துக்குங்க, மாப்ளே” என்றார்.