முழு அளவு

வாட்ஸ்அப்பில் அனுப்பும் பிறந்தநாள் போஸ்டருக்குள் கொண்டுவந்து வைத்ததும் வட்டச் செயலாளரின் போட்டோவுக்கு ரத்தம் கொதித்தது. ஆறாயிரம் பிக்சல் அகலம் கொண்ட தன்னை, அறுநூறு பிக்சல் போஸ்டர் சுருக்கிவிட்டதே!

"யாரைக் கேட்டு என்னைச் சுருக்கினே?"

"பெரிய படம் வந்தா தானாச் சுருக்கணும்னு செட்டிங்ல டிக் இருக்கு, அண்ணே. நீங்க முழுசாத் தெரியணும்னுதான்," என்றது போஸ்டர்.

"எடுடா அந்த டிக்கை! எனக்கே அளவு சொல்றியா?"

போஸ்டர் டிக்கை எடுத்துவிட்டு, போட்டோவை மறுபடி வைத்தது. போட்டோ தன் முழு அளவுக்கு விரிந்தது. நெற்றி, மீசை, வெள்ளைச் சட்டை எல்லாம் சட்டத்துக்கு வெளியே போய்விட, மூக்கு மட்டும் போஸ்டரை அடைத்துக்கொண்டு நின்றது.

கீழ் வரிசையில் கும்பிட்டுக்கொண்டிருந்த தொண்டர்களின் போட்டோக்கள் அண்ணாந்து பார்த்தன.

"யாருக்குப்பா பிறந்தநாள்?"

"என்னையே தெரியலையாடா உங்களுக்கு?" என்று சீறியது மூக்கு.