டத்தோவின் விரிப்பு

“மனுஷன் துணியைக் கண்டுபிடிச்சது மானத்தை மறைக்க, தம்பி. முயல் மூத்திரம் போறதுக்கு இல்ல.”

மனித நாகரிகம் குறித்த இந்தத் தீர்ப்பைச் சபாபதி, கிள்ளான் லிட்டில் இந்தியாவில் கௌஸின் ஜவுளிக்கடையில் நின்று வழங்கினார். துறைமுகத்தில் முப்பது வருடம் போர்மேனாக இருந்து, கிரேன்களையே அதட்டி வேலை வாங்கிய குரல் அது. சேலை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, மீண்டும் மாம்பழ மஞ்சளா, எலுமிச்சை மஞ்சளா என்ற விவாதத்துக்குப் போனார்கள்.

அவர் மேஜை மேல் எறிந்தது ஒரு சதுர விரிப்பு. மேலே மெத்தென்ற துணி, நடுவே ஈரத்தை உறிஞ்சும் துணி, அடியில் கசியாத ரப்பர் ஷீட். வளர்ப்பு முயல்களின் கழிவுத் தட்டில் போட்டு, துவைத்துத் துவைத்துப் பயன்படுத்துவதற்காகக் கௌஸின் மனைவி மரியம் தைத்துத் தருவது. கோபத்தில் எறியப்பட்டாலும் அது துவைத்து நாலாக மடிக்கப்பட்டிருந்தது.

“போன மாசம் உங்க மக அஞ்சு வாங்கிட்டுப் போனாங்கண்ணே. ஒரு கம்ப்ளேனும் வரலையே,” என்றார் கௌஸ்.

“இப்ப நான் சொல்றேன்லா கம்ப்ளேன். இத்துனூண்டு சைஸ்ல தைச்சு வெச்சிருக்கே. ஓரத்துல கசிஞ்சு மெத்தை வரைக்கும் இறங்குது. இதெல்லாம் ஒரு தையலா?”

கௌஸ் விரிப்பைப் பிரித்து, புரட்டி, தையலை விரலால் தடவிப் பார்த்தார். “முயலுக்கு இந்த சைஸ் தாராளம்ணே.”

“தாராளம்னு நீ சொன்னா ஆச்சா?”

கதவு திறந்தது. சபாபதியின் மகள் மலர்விழி ஒரு கூடையோடு உள்ளே வந்தாள். கூடைக்குள் வெள்ளை முயல். பின்னங்கால்கள் இரண்டிலும் கட்டு. அதன் பெயர் டத்தோ. மலேசியாவில் சுல்தான் கொடுக்கும் பட்டம்; இதற்குக் கொடுத்தது மலர்விழி. அரண்மனைக்கு இதில் சம்பந்தமில்லை.

“அண்ணே, போன தடவை மாதிரியே ரெண்டு பேட் வேணும். அஞ்சுல ரெண்டு காணாமப் போயி...”

மேஜையைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

“ஓ. நீங்கதானா அந்தத் திருடன்?”

“என் வீட்டுல நான் எதை வேணா எடுப்பேன்.”

“இன்னொண்ணு எங்க?”

“குப்பையில போட்டுட்டேன்.”

மலர்விழி கூடையை மேஜை மேல் வைத்தாள். மிக மெதுவாக வைத்தாள். சேலைக்காரப் பெண்கள் மஞ்சளை மறந்தார்கள்.

“இதோட காலைப் பாருங்கப்பா. புண்ணு. மழையில துணி காய மாட்டேங்குது, மாத்திப் போட பேட் இல்ல. மூணு நாளா ஈரத்துல நின்னுருக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா நடக்கவே முடியாதுன்னு இப்பத்தான் டாக்டர் என்னைத் திட்டி அனுப்பினாரு. உங்களால.”

“பேப்பர் போடு. ஊரே பேப்பர்தான் போடுது.”

“தின்னுடுது. ஞாயித்துக்கிழமை பேப்பரைக் கதைப் பக்கத்தோட தின்னுச்சு.”

“மரத்தூள் போடு.”

“தும்முது.”

“அப்ப காட்டுல கொண்டு போய் விடு. காட்டுல எந்த முயலு துணி விரிச்சுக்கிட்டு ஒண்ணுக்குப் போகுது? வாயில்லாத ஜீவன்கிட்ட இருக்கற புத்தி, நனைச்ச துணிய அலசிக்கிட்டு நிக்கிற உனக்கு இல்ல. அசிங்கமா இல்லையா?”

“இல்ல. என்ன அசிங்கம்? நனைஞ்சா துவைக்கணும், அவ்வளவுதான். அதுக்கு உடம்பு அப்படி. அதுவா கேட்டு வாங்குச்சு?”

சபாபதி மேஜை மேல் பிரிந்து கிடந்த விரிப்பை மறுபடி நாலாக மடித்தார். மகள் விடவில்லை.

“ஆஸ்பத்திரியில ஆபரேஷன் முடிஞ்சு வந்ததுலேர்ந்து உங்களுக்கு யாரைப் பார்த்தாலும் எரிச்சல். அம்மாகிட்ட எரிச்சல், என்கிட்ட எரிச்சல். பதில் பேச முடியாதுன்னு இப்ப இதுகிட்ட. சரி. பிரிக்பீல்ட்ஸ்ல ஆபீஸ் பக்கத்துலயே ஒரு ரூம் காலியா இருக்கு. நானும் டத்தோவும் போயிடறோம்.”

“போ. யாரு தடுத்தா?”

“சாயந்திரத்துக்குள்ள அந்த இன்னொரு பேட் கொடியில தொங்கணும். குப்பையில கிடந்தாலும் பொறுக்கிட்டு வாங்க. இல்லைன்னா நாளைக்கே பெட்டியக் கட்டிடுவேன். நான் சும்மா சொல்லல.”

மேஜை மேலிருந்த விரிப்பைப் பிடுங்கிக் கூடைக்குள் திணித்தாள். டத்தோ அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. கண்ணாடிக் கதவு அடைபட்ட வேகத்தில் பொம்மைகளுக்குக் கட்டியிருந்த சேலைகள் ஒருமுறை ஆடி நின்றன.

கௌஸ் தொண்டையைச் செருமினார். “அண்ணே, புதுசா ஒண்ணு தரேன். கொண்டு போய் கொடியில போட்டுடுங்க. பாப்பாவுக்குத் தெரியாது.”

“வேணாம். பழசே இருக்கு. அலமாரியில வெச்சிருக்கேன்.”

“குப்பையில போட்டேன்னீங்க?”

சபாபதி கதவு வழியாக மகளின் கார் கிளம்புவதைப் பார்த்தார். சேலைக்காரப் பெண்கள் மாடிப்படி ஏறி மறையும் வரை காத்திருந்தார். பிறகு மேஜை மேல் குனிந்து, துறைமுகத்தில் யாரும் கேட்டிராத குரலில் சொன்னார்.

“என் கட்டில் அளவுக்கு ரெண்டு தைச்சுக் குடுங்க, தம்பி.”