குதிகால்

ராணுவ வண்டி ஓட்டுகிற ஒவ்வொருவரின் எலும்புகளையும் அச்சு அசலாக நகல் செய்து, அதை வண்டியில் உட்காரவைத்து, அடியில் வெடி வைத்துப் பார்ப்பதுதான் பூங்கோதையின் வேலை. நகல் உடையாவிட்டால் அந்த ஆள் எல்லைக்குப் போகலாம்.

அன்று வெடி வைத்த நகல் அவள் மகள் நிறைமதியுடையது. புகை அடங்கியதும் கதவைத் திறந்தாள். இடது குதிகால் மூன்று துண்டாகக் கிடந்தது.

"மத்தவங்களுக்கு இதே வண்டி சரியாத்தானே இருக்கு? உங்க பொண்ணை ஆபீஸ் வேலைக்கு மாத்திடலாம்மா," என்றார் மேலதிகாரி.

"அவ ஒத்துக்க மாட்டா சார். வண்டியோட தரையை மாத்திப் பார்க்கிறேன்."

மகளின் பாதத்துக்கென்றே தரையைத் திரும்பத் திரும்ப மாற்றினாள். பன்னிரண்டாவது வெடியில்தான் குதிகால் தப்பியது.

அந்த வண்டியோடு நிறைமதி எல்லைக்குப் போன ஐந்தாம் மாதம், அது கண்ணிவெடியில் ஏறிவிட்டதாகச் செய்தி வந்தது. இரண்டு மணி நேரம் கழித்து அவளே போனில் கூப்பிட்டாள்.

"சத்தமாப் பேசும்மா, காது அடைச்சிருக்கு."

"கால் எப்படிடி இருக்கு?"

"டாக்டர் படு படுன்னு திட்டுறார். நான் வராந்தாவுல நடந்துகிட்டேதான் பேசுறேன்."

பூங்கோதை அப்படியே தரையில் உட்கார்ந்து, அழுதுகொண்டே சிரித்தாள்.