ஒல்லாந்து ஆட்டத்துப் படம்

கிழவர் யான்சனின் இடது கை சிவகுருநாதனின் பிடரியில் இருந்தது. வலது கையின் சுட்டுவிரல் மடியில் கிடந்த படத்தின் மேல் ஊர்ந்தது.

படத்தில் உதைபந்தாட்டக்காரர் ஒருவரும் இல்லை. எல்லாம் வேடிக்கை பார்க்க வந்த சனம். 1910 ஒக்டோபரில் இதே கிளேவ நகரத்தில் ஜேர்மனியும் பக்கத்து ஒல்லாந்தும் மோதின ஆட்டம் அது. ஜேர்மனி இரண்டுக்கு ஒன்றாகத் தோற்றது. தோற்றால் தோற்றுப் போகட்டும், கிழவருக்குக் கோல் கணக்கில் இப்போது அக்கறை இல்லை. கயிற்றுக்குப் பின்னால் நிற்கிற அந்தக் கூட்டத்துக்குள் அவருடைய தம்பி ஹைனி நிற்கிறான்.

ஹைனிக்கு அப்போது பதினாலு வயது. அன்றைக்கென்று பார்த்துப் பல்வலி. தாடையைச் சுற்றித் துணி கட்டி உச்சியில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, வீட்டில் கிட என்ற தாயின் பேச்சையும் கேட்காமல் அண்ணனுக்குப் பின்னால் ஓடி வந்தவன். ஆறு வருடத்தில் யுத்தத்துக்குப் போய் மண்ணுக்குள் போய்விட்டான்.

அவன் முகம் இருக்கிற படம் வேறு ஒன்றும் கிடையாது. இதையும் ஊர்ப் பழைய படங்களைத் தேடிச் சேர்க்கிற ஒருவர் பெருப்பித்து அனுப்பியது நேற்றுத்தான். எழுபத்தாறு வருடம் பிந்தி வந்து சேர்ந்திருக்கிறது. கிழவருக்கோ இப்போது கண்ணும் இல்லை, காதும் இல்லை.

சாகமுதல் ஒருக்காத் தொட்டாவது பார்க்கவேண்டும் என்கிறார், பாவம்.

அதற்காகத்தான் பிளோறன்ஸ் சிவகுருநாதனை இழுத்து வந்தாள். அவளும் யாழ்ப்பாணம். முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை, வந்து ஒன்றரை வருடத்தில் டொச் பாஷை அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. அவன் வந்து எட்டு மாதம். அகதிகள் விடுதியில் படுக்கிறான், இங்கே கூட்டித் துடைக்கிறான்.

“எனக்குக் கண்ணாடி இல்லாமல் இந்தப் பொடி முகங்கள் தெரியாது தம்பி. நீர் ஒண்டும் கதைக்க வேண்டாம். துணி கட்டின பெடியனிலை விரல் வரேக்கை தலையை ஆட்டினாக் காணும். அந்தாள் கையாலை அறிஞ்சுகொள்ளும்.”

விரலைப் பிடித்துக் கொண்டுபோய் ஹைனியில் வைக்கவும் கூடாதாம். அன்றைக்கும் சனத்துக்குள் தம்பியைத் தொலைத்துவிட்டுத் தானே தேடிப் பிடித்தவராம். பிடிவாதக் கிழவர்!

தலையாட்டுவது என்ன, தலை போகிற காரியமா? யாழ்ப்பாணத்தான் பிறந்த நாளில் இருந்து செய்கிற வேலை. ஆனால் ஜேர்மனிக்கு வந்து இவ்வளவு நாளில் சிவகுருநாதன் ஓம் என்று தலையசைத்ததை ஒருவரும் கண்டதில்லை. வாயால் “யா” என்பான், கழுத்து மரம் மாதிரி நிற்கும். அகதி விண்ணப்பத்தை விசாரித்த அதிகாரிகூட, உனக்குக் கழுத்துப் பிடிப்போ என்று கேட்டாராம்.

விரல் முதல் வரிசையில் போனது. தொப்பி, தொப்பி, மீசை, தொப்பி.

ஹைனியை அவன் படத்தைப் பார்த்த உடனேயே கண்டுவிட்டான். இரண்டாம் வரிசையில் நாலாவது ஆள். வீங்கின கன்னத்தோடு சிரித்துக்கொண்டு நிற்கிறான்.

விரல் அந்த முகத்துக்கு வந்தது. உள்ளங்கை பிடரியில் காத்திருந்தது.

கழுத்து அசையவில்லை. விரல் ஹைனியைத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போய்விட்டது.

எல்லா வரிசையும் முடிந்து விரல் படத்தின் ஓரத்தால் வழுகி விழுந்தது. கிழவர் ஏதோ முணுமுணுத்தார். அவர் முகம் சுருங்கிப் போனதைப் பார்க்க அவனால் முடியவில்லை.

சீ, நீயும் ஒரு மனுசனா என்று அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. செத்துப்போனவனைக் காட்டிக் கொடுத்தால் யாருக்கு என்ன கெட்டுவிடும்? கிழவரின் விரலை எடுத்து மறுபடியும் முதல் வரிசையில் வைத்தான்.

விரல் இரண்டாம் வரிசையின் நாலாவது ஆளுக்கு வந்தபோது, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டினான்.

விரல் நின்றது. அந்தச் சின்ன முகத்தைச் சுற்றிச் சுற்றித் தடவியது. “ஹைனி,” என்றார் கிழவர். பிறகு பிடரியைப் பிடித்து இழுத்து அவன் நெற்றியில் கொஞ்சினார். அவருடைய கண்ணீர் அவன் மூக்கில் வழிந்தது.

பிளோறன்ஸ் ஏப்பிரனால் முகத்தைத் துடைத்தாள்.

“என்ரை மனுசனை ஆமி கொண்டுபோனதும் ஒரு தலையாட்டாலைதான் தம்பி. ஊர்ச் சனத்தை வரிசையா விட, முகத்திலை சாக்குப் போட்ட ஒருத்தன் ஜீப்புக்குள்ளை இருந்து இவரைக் காட்டிக் குடுத்து ஆட்டினவன். அதோடை ஆளைக் காணேல்லை. நீர் எனக்குப் பிறகு வெளிக்கிட்டனீர்தானே, அந்தத் தலையாட்டி ஆரெண்டு ஊரிலை ஏதும் கதை அடிபட்டதோ?”

அவளுடைய கலியாணப் படத்தை அவன் வந்த கிழமையே பார்த்துவிட்டான். அந்த மாப்பிள்ளை முகத்தைச் சாக்கின் இரண்டு ஓட்டைகளுக்குள்ளால் ஏற்கெனவே பார்த்தவன் அவன். யாரென்றே தெரியாத ஆள். மூன்று நாள் அடித்த அடிக்குப் பிறகு, இனியும் ஆட்டாவிட்டால் உனக்குத்தான் வெடி என்று ஆமிக்காரன் பிடரியை அழுத்தினபோது, முன்னால் கொண்டுவந்து விட்டிருந்தது அவரை. அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்.

பிளோறன்ஸ் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கிழவர் இரண்டு கையாலும் படத்தை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தார்.

சிவகுருநாதன் இல்லை என்று தலையை ஆட்டினான்.

இந்த முறை அவன் பிடரியில் ஒருவருடைய கையும் இருக்கவில்லை.